வெள்ளிக்கிழமையில் கேட்ட ராஸ்ப்பெரிச் செடிகள்

1

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் பட்டறை ஃபோர்மன் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வந்திருந்தார். அவர் இருக்கும்போது வேலியோரத்தில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. அதிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. இந்த மாதம் இந்தப் பத்தியில் ரயில் பயணத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை ஒத்திவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். ரயில் எங்கும் ஓடிப்போய்விடாது.

ஊரிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும். "துரைமாரோடு சரிக்குச் சரி உட்காருகிறாய், நமக்கெல்லாம் பெருமை." வல்லத்திராக்கோட்டையில் பிறந்து, புதுக்கோட்டையில் படித்து, ஸ்காட்லாந்தில் சணல் மில் இயந்திரங்களுக்குப் படம் வரைகிறவனைப் பற்றி அப்படி நினைப்பது நியாயம்தான். சரிக்குச் சரி உட்காருவதும் உண்மைதான். உட்கார்ந்துகொண்டு என்ன செய்கிறேன் என்று யாரும் கேட்டதில்லை. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நாங்கள் மூன்று பேர். நான், இலுப்பூரில் மளிகைக்கடைக்காரர் மகளாகப் பிறந்து என்னைக் கட்டிக்கொண்டு இந்தக் குளிருக்கு வந்த பாக்கியம், எங்கள் மகள் மல்லிகா. மல்லிகாவுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் அவளை மாலி என்கிறார்கள். வீட்டில் மல்லிகா என்று கூப்பிட்டால் இப்போதெல்லாம் இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்க்கிறாள்.

போன ஆவணியில் கவுன்சில் எங்களுக்கு ஒரு வீடு கொடுத்தது. கவுன்சில் என்பது நம் ஊர் முனிசிபாலிட்டி போல. ஆனால் இங்கே அது வீடுகளைக் கட்டி வாடகைக்கும் விடுகிறது. எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் டங்கன் அம்மாள் என்ற முதியவர் இருந்தார். கணவர் இறந்துபோனார், பிள்ளைகள் இல்லை. ஒருத்திக்கு மூன்று அறை எதற்கு என்று கவுன்சில் அவரை ஊரின் மறுபக்கத்தில் ஓர் ஒற்றை அறை வீட்டுக்கு மாற்றிவிட்டது. அவர் சாமானை எல்லாம் எடுத்துப் போய்விட்டார். பின்பக்க வேலியை ஒட்டி ஒரு வரிசை ராஸ்ப்பெரிச் செடி மட்டும் நின்றது. கல்யாணமான வருஷத்தில் அவர் கணவர் வைத்தது.

ராஸ்ப்பெரி என்றால் என்னவென்று வல்லத்திராக்கோட்டையிலும் இலுப்பூரிலும் கேட்பீர்கள். மஞ்சணத்திப் பழம் போலப் புடைப்புப் புடைப்பாக இருக்கும். நிறம் கோவைப்பழத்தின் சிவப்பு. விரல் நுனியில் தொப்பி மாதிரி மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான் அளவு. முள் இருக்கிறது, ஆனால் கருவேலம் பார்த்தவர்களுக்கு அது முள்ளே அல்ல. வளரும் விதம்தான் வேடிக்கை. தரையிலிருந்து குச்சி குச்சியாக வரும். இந்த வருஷம் காய்த்த குச்சி அதோடு செத்துப்போகும். பக்கத்திலேயே முளைத்த கன்று அடுத்த வருஷம் காய்க்கும். நான் இதைச் சொன்னதும் பாக்கியம் வரிசையை ஒரு பார்வை பார்த்தாள்.

"இது வாழைதாங்க. முள்ளு மொளச்ச வாழை" என்றாள்.

2

புரட்டாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேதக்கோயிலுக்குப் போன உடுப்போடும் தொப்பியோடும் டங்கன் அம்மாள் வந்தார். மல்லிகாவுக்கு அவரை முன்பே தெரியும். அவள் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு பரிமாறுகிறவர் அவர்தான். எங்கள் பெண் கறி தின்னமாட்டாள் என்று தெரிந்து, உருளைக்கிழங்கை ஒரு கரண்டி கூடுதலாக வைக்கிறவர்.

கேட்க வந்ததைக் கேட்டார். அந்த ராஸ்ப்பெரிச் செடிகளைத் தன் புது வீட்டுக்கு மாற்ற வேண்டும். இப்போது அல்ல. இலை உதிர்ந்து செடி தூங்கின பிறகுதான் கிளப்பலாம், தூக்கத்தில் தூக்கினால் அதற்குத் தெரியாது. அதுவரை அவை இருக்கட்டுமா?

எனக்கு வள்ளல்தனம் தலைக்கேறிவிட்டது. "இதற்கெல்லாம் கேட்க வேண்டுமா? எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். உங்கள் செடி" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. செடிப் பக்கம் போய் ஒரு குச்சியைத் தொட்டுப் பார்த்தார். அடியில் ஒரு களை இருந்தது. குனிந்தவர் கையை இழுத்துக்கொண்டார்.

"இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நான் மண்ணைத் தொடுவதில்லை" என்றார். பிறகு எங்கள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சேலையையும் என் பனியன்களையும் பார்த்தார். "தப்பாக நினைக்காதீர்கள். இந்தத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்தமாட்டார்கள். யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன்."

அவர் குரலில் அதட்டலும் இல்லை, கூச்சமும் இல்லை. மணி என்ன என்று சொல்வதுபோல் சொன்னார். நான் பாக்கியத்திடம் தமிழில் சொன்னேன். அவள் உடனே போய்த் துணியை எடுத்தாள்.

"நல்ல பொம்பளைங்க. நாள் கெழமை பாக்குறவங்க" என்று சந்தோஷப்பட்டாள்.

இந்த வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் வைத்துக்கொள்ளவில்லை.

3

கார்த்திகை மாதத்தில் இங்கே பிற்பகல் மூன்றரைக்கே இருட்டிவிடும். நம் ஊரில் விளக்கு வைக்கும் நேரம் என்றால் ஒரு கணக்கு இருக்கிறது. இங்கே அந்தக் கணக்கு மல்லிகா பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புவதற்குள்ளேயே வந்து நிற்கிறது. பாக்கியம் சூரியனை நம்புகிறவள், கடிகாரத்தை அல்ல. இருட்டினால் விளக்கு. இலுப்பூரிலிருந்து பெட்டியில் துணி சுற்றிக் கொண்டுவந்த காமாட்சி விளக்கு அது. நல்லெண்ணெய் கிடைக்காததால், இங்கே மருந்துக்கடையில் காதுவலிக்கு விற்கும் ஆலிவ் எண்ணெயை வாங்கி ஊற்றுகிறாள். ஒவ்வொரு தடவையும் கடைக்காரர் எங்கள் வீட்டில் யாருக்குக் காதுவலி என்று அக்கறையாகக் கேட்பார். நான் பாதி நாள் எனக்கு என்பேன், பாதி நாள் குழந்தைக்கு என்பேன். இதிலேயே நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அன்று வெள்ளிக்கிழமை. பட்டறையில் அரைநாள். விளக்கு ஏற்றிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். மல்லிகா அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தாள். பின்வாசலில் டங்கன் அம்மாள் நின்றார். கூடவே அவருடைய அக்காள் மகன், நெட்டையான வாலிபன், வாயில் சிகரெட். தெருவில் அவனுடைய வேன். கையில் மண்வெட்டியும் நனைத்த சாக்குகளும். வேரைக் காற்றுப் படாமல் சுற்றுவதற்குச் சாக்கு.

"இலை எல்லாம் உதிர்ந்துவிட்டது. இவனுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் வேன் கிடைக்கும். தரை உறைவதற்குள் எடுத்துவிடலாம் என்று வந்தோம்" என்றார் டங்கன் அம்மாள்.

பாக்கியம் அடுக்களையிலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"என்னவாம்?"

"செடியக் கெளப்பிட்டுப் போக வந்திருக்காங்க."

"இன்னைக்கா? வெள்ளிக்கெழமையில்ல? வெளக்கு வேற ஏத்தியாச்சு. வேரோட ஒரு பொருளத் தூக்கிக் குடுக்கறதாங்க? நாளைக்குக் காலையில வரச் சொல்லுங்க. நானே தோண்டித் தாரேன்."

வெள்ளிக்கிழமை, அதுவும் விளக்கு வைத்த பிறகு, வீட்டிலிருந்து காசு, உப்பு, பால் எதையும் வெளியே கொடுப்பதில்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பாக்கியத்தின் வீட்டில் இன்னும் ஒரு படி மேலே. வேருள்ளது எதுவும் அன்று வாசல் தாண்டாது. வேரோடு லட்சுமியும் போய்விடுவாள்.

இதை ஆங்கிலத்தில் சொல்வது கஷ்டமே இல்லை. "இன்று வெள்ளிக்கிழமை. விளக்கு ஏற்றிய பிறகு நாங்கள் எதையும் வெளியே கொடுப்பதில்லை. நாளைக்கு வாருங்கள்." மல்லிகாகூடச் சொல்லிவிடுவாள். நான் வாயைத் திறந்தேன். அந்த வாலிபன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். விளக்கைப் பார்த்தான். பாக்கியத்தின் ஈரத் தலைத் துண்டைப் பார்த்தான். உதட்டில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. இவன் இன்று ராத்திரி மதுக்கடையில் போய்ச் சொல்வான், அங்கே எங்கள் ஃபோர்மன் இருப்பார், திங்கட்கிழமை பட்டறை முழுக்கச் சிரிக்கும் என்று மனம் ஒரு நொடியில் கோட்டை கட்டிவிட்டது.

"கவுன்சில் அனுமதி இன்னும் வரவில்லை" என்றேன்.

"அனுமதியா?"

"ஆமாம். செடிகள் வீட்டோடு சேர்ந்தவையாம். கேட்டுத்தான் எடுக்க வேண்டுமாம்."

அப்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. டங்கன் அம்மாள் என்னையே பார்த்தார். "எப்போது வேண்டுமானாலும் என்றீர்களே" என்று கேட்டார், மெதுவாகத்தான். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் சாக்குகளை மடித்தார். "உங்களுக்குச் சிரமம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நம் ஊராக இருந்தால் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருப்பார்கள். நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மறுநாள் சரியாகிப் போயிருக்கும். இவர்கள் கத்தமாட்டார்கள். கதவைக்கூட ஓசையில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

"நாளைக்கு வாராங்களா?" என்று பாக்கியம் கேட்டாள்.

"வேற ஒரு நாள் வாரேன்னுட்டாங்க" என்றேன்.

4

இந்தப் பயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். சமஸ்தானம் போய் சர்க்கார் வந்த புதிது. நான் புதுக்கோட்டையில் படித்துக்கொண்டிருந்தேன், விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் கிணற்றடியில் வாழை நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு விவசாய இலாகா அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். சர்க்கார் தோட்டத்துக்குக் கொஞ்சம் கன்று வேண்டுமாம். அன்றும் வெள்ளிக்கிழமை.

என்னைப் பெற்ற ஆத்தா நேராகவே சொல்லிவிட்டார். "இன்னைக்கு வெள்ளிங்க. நாளைக்கு விடிஞ்சதும் வாங்க, எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கங்க."

அதிகாரி சிரித்தார். "லட்சுமி என்ன, வாழைக்கன்னுல ஏறி ஜீப்புல வந்துருவாளா?" என்றார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். அதிகாரி சிரித்தால் பியூன் சிரிக்காமல் இருப்பானா? அப்பாவும் சிரித்துக்கொண்டே கடப்பாரையை எடுத்தார். ஆத்தா உள்ளே போய் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார், அடுப்பு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

அவமானப்பட்டது ஆத்தா. ஆனால் வெட்கம் வந்தது எனக்கு, அதுவும் அதிகாரியை நினைத்து அல்ல, ஆத்தாவை நினைத்து. படித்தவன் வீட்டில் இப்படிப் பேசுகிறார்களே என்று. அந்தச் சிரிப்பை நான் கப்பல் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். பாக்கியம் விளக்கைக் கொண்டுவந்தாள், நான் இதைக் கொண்டுவந்தேன்.

5

சனிக்கிழமை போய், அனுமதி வந்துவிட்டது என்று இன்னொரு பொய் சொல்லிச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன். அன்று மழை. ஞாயிற்றுக்கிழமை அவர் மண்ணைத் தொடமாட்டார். திங்கட்கிழமை நான் வேலை விட்டு வருவதற்குள், டங்கன் அம்மாள் வலிக்கிற முழங்காலோடு கவுன்சில் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். என் பேச்சை அவ்வளவு நம்பினார்.

அங்கே இருந்த குமாஸ்தாவுக்கு ஒன்றும் புரியவில்லையாம். இந்த ஊரில் வீடு மாறுகிறவர்கள் எல்லாரும் ரோஜா, ராஸ்ப்பெரி என்று சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டுதான் போவார்களாம். கவுன்சில் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருக்குமாம். ஆனால் ஒருவர் வந்து அனுமதி என்று கேட்டுவிட்டால் குமாஸ்தா சட்டத்தைப் புரட்டித்தானே ஆகவேண்டும்? புரட்டினார். சட்டம் இருந்தது.

அடுத்த வாரம் ஒரு இன்ஸ்பெக்டர் வந்து வேலியோரத்தைப் பார்வையிட்டார். நிலத்தில் வேரூன்றிய எதுவும் வீட்டைச் சேர்ந்தது, வீடு கவுன்சிலைச் சேர்ந்தது, யாரும் எடுத்துப் போகக்கூடாது என்றார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கேட்டது நல்லதாயிற்று. உங்களைப் போல விதியை மதிக்கிறவர்கள் குறைவு" என்றார்.

பாக்கியம் அவருக்கு டீயும் முறுக்கும் கொடுத்தாள். என்ன விஷயம் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. வீட்டுக் கூரையைப் பார்க்க வந்தார் என்றேன். தை மாதம் தரை இரும்பாக உறைந்துவிட்டது. சமையலறை ஜன்னலில் நின்றால் பனியில் குச்சிகளின் தலை மட்டும் தெரியும். நான் அந்த ஜன்னல் பக்கம் நிற்பதை விட்டுவிட்டேன்.

இத்தனைக்கும் மல்லிகாவின் தட்டில் உருளைக்கிழங்கு குறையவில்லை. "மிஸஸ் டங்கன் அம்மாவக் கேட்டாங்க, அப்பா. குளிருக்கு நல்லாருக்காங்களான்னு" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்து சொல்வாள். ஒரு கரண்டி குறைத்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

6

மாசி மாதத்தில் ஒருநாள் மல்லிகா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூட வைக்காமல் சொன்னாள். அவளுடைய தமிழ் இப்போது ஆங்கிலத்தின் மேல் கால் ஊன்றித்தான் நடக்கிறது.

"அப்பா, மிஸஸ் டங்கன் கேட்டாங்க, ராஸ்ப் எல்லாம் ஸ்னோல நல்லாருக்கான்னு. நான் சொன்னேன், நீங்க ஃப்ரைடே வந்ததாலதான் அம்மா குடுக்கல, சாட்டர்டே வந்திருந்தா அம்மாவே தோண்டிக் குடுத்திருப்பாங்கன்னு. அவங்க சொன்னாங்க, இல்ல மாலி, அது கவுன்சில்னு. நான் சொன்னேன், இல்ல, ஃப்ரைடேன்னு. நான் கேட்டுட்டுத்தானே இருந்தேன்."

பாக்கியம் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "என்னாது கவுன்சிலு?"

என்னால் மழுப்ப முடியவில்லை. மகள் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். எல்லாவற்றையும் சொன்னேன். இன்ஸ்பெக்டர் கூரை பார்க்க வரவில்லை என்பதையும் சொன்னேன். பாக்கியம் கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தம்மாவுக்கு வெள்ளிக்கெழமைதான் வண்டி கெடைக்கும்னு எங்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லியிருந்தா ஒரு காசு கையில வாங்கிக்கிட்டு தோண்டிக் குடுத்திருப்பேனே. ஆத்திர அவசரத்துக்கு எங்க வீட்டுல அப்படித்தான் செய்வோம். காசு வாங்கிட்டா அது குடுத்ததா ஆகாது. எனக்கு அது தெரியாதா? எங்கிட்ட ஒண்ணு சொல்லி, அவங்ககிட்ட ஒண்ணு சொல்லி, ரெண்டு பேரயும் ஊமையாக்கிட்டீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒங்களுக்கு என்னயப் பாத்தாத்தாங்க கேவலமா இருக்கு. வெள்ளிக்கெழமையப் பாத்து இல்ல" என்றாள்.

அழவில்லை, கத்தவில்லை. அவளும் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. இல்லை என்று சொல்ல நினைத்தேன். அந்த நெட்டை வாலிபன் அவளுடைய தலைத் துண்டைப் பார்த்தபோது நான் அதை ஒரு கையால் மறைக்கப் பார்த்தேன் என்பது ஞாபகம் வந்தது.

பையை இன்னும் தோளில் மாட்டியபடியே நின்ற மல்லிகா, "அப்பா, மிஸஸ் டங்கன் இன்னொண்ணும் சொன்னாங்க" என்றாள். சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். நான் தமிழில் தருகிறேன்: "உன் அப்பா ஏன் அதைச் சொல்லவில்லை? ஞாயிற்றுக்கிழமை நான் மண்ணைத் தொடமாட்டேன் என்று அவரிடம் நான் சொன்னேனே."

7

மறுநாளே கவுன்சில் அலுவலகத்துக்குப் போனேன். அதே குமாஸ்தா. சட்டம் சட்டம்தான் என்றார். நான் நகராமல் நின்றதைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"உங்கள் தோட்டப் பாதையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு, தெரியுமா?"

"தெரியும்."

"பாதையில் ஏதாவது முளைத்திருக்கிறதா?"

முளைத்திருந்தது. ராஸ்ப்பெரி பக்கத்தில் ஓடிப்போய்க் கன்று விடும். பழைய வரிசையிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, பாதை நெடுகக் கன்றுகள் நின்றன.

"வரிசையில் நிற்பது செடி. பாதையில் நிற்பது களை. களையைக் குடித்தனக்காரர் அகற்றியே ஆகவேண்டும். அகற்றிய களை எங்கே போகிறது என்று கவுன்சில் கேட்பதில்லை" என்றார்.

பங்குனி பிறந்து, மொட்டு விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், மல்லிகாவிடம் நாங்கள் சொல்லியனுப்பியதன்பேரில், ஒரு புதன்கிழமை டங்கன் அம்மாள் வந்தார். வேன் இல்லை. வாசலில் நின்று என்னைப் பார்க்காமல் பாக்கியத்தைப் பார்த்து, "இன்றைக்குச் சரிதானே?" என்று கேட்டார். மல்லிகா சொல்வதற்கு முன்பே பாக்கியத்துக்குப் புரிந்துவிட்டது. "ஓ, சரி சரி, வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

நான் தோண்டினேன். வாழைக்கன்று போல ஆழமாக வெட்டப் போனேன். டங்கன் அம்மாள் தடுத்தார். இதற்கு வேர் கீழே போகாது, பக்கவாட்டில் ஓடும், அகலமாக வெட்டுங்கள் என்றார். கிளப்பிய கன்றுகளை முழங்கால் உயரத்துக்கு விட்டு மேல்குச்சியை வெட்டினார். இந்த வருஷம் காய்க்க ஆசைப்படாமல் வேர் பிடிப்பதை மட்டும் பார்க்கட்டும் என்று. ஈரச் சாக்கில் சுற்றி, மல்லிகா குழந்தையாக இருந்தபோது வாங்கிய தள்ளுவண்டியில் அடுக்கினோம். ஒரு பக்கம் தொப்பி வைத்த டங்கன் அம்மாள், ஒரு பக்கம் கோட்டுக்குக் கீழே சேலை தெரிய பாக்கியம், நடுவில் குழந்தை வண்டியில் முள்ளுக்குச்சி. ஊர் முழுக்க நடந்து போனார்கள். எதிரே வந்தவர்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். நான் மண்வெட்டியோடு நாலடி பின்னால் போனேன். அப்போதும் நாலடி பின்னால்தான்.

அவர் வீட்டு வாசலில் இருந்தது ஒரு பாய் அகலத்துக்கு மண். வேரை விரித்து, மண் தள்ளி, குதிகாலால் மிதித்தோம். அங்கே வைத்துத்தான் நான் ஆரம்பித்தேன். "அன்றைக்கு நான் சொன்னது..."

டங்கன் அம்மாள் வானத்தைப் பார்த்தார். "இருட்டப் போகிறது. உங்கள் வீட்டம்மா விளக்கு ஏற்ற வேண்டாமா? கிளம்புங்கள்" என்றார்.

மன்னிப்புக் கேட்கக்கூட விடவில்லை. விட்டிருந்தால் கேட்டு முடித்திருப்பேன். இந்தக் குறிப்பு தேவைப்பட்டிருக்காது.

அவருக்குக் கிடைத்தவை பாதையில் முளைத்த கன்றுகள்தான். கணவர் கையால் நட்ட தூர் வரிசை எங்கள் வேலியோரத்திலேயே நிற்கிறது. கவுன்சிலின் சொத்தாகி, என் பாதுகாப்பில்.

8

இப்போது ஆடி. ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம். பாக்கியம் கோடைக்கு மட்டும் கடிகாரத்தை ஒத்துக்கொண்டு, ஆறு மணிக்கு வெயிலிலேயே விளக்கேற்றுகிறாள். பழைய வரிசை கொத்துக் கொத்தாகப் பழுத்திருக்கிறது. எனக்கு அந்தப் பழம் பிடிக்கும் என்று பாக்கியம் தினமும் கிண்ணத்தில் வைக்கிறாள். தின்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஃபோர்மன் வந்திருந்தார் என்றேன் அல்லவா? பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். வேலிக்கு வெளியே டங்கன் அம்மாள் வந்து நின்றார். கோயிலில் ஏதோ வேலையாக இந்தப் பக்கம் வந்தாராம். உள்ளே வாருங்கள் என்றாள் மல்லிகா. வேண்டாம் என்று கையசைத்துவிட்டு வேலியைப் பிடித்தபடி பழங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வீட்டுக் கன்றுகள் பிடித்துவிட்டன, இலை விட்டிருக்கின்றன, அடுத்த வருஷம் காய்க்கும் என்று மல்லிகாவிடம் சொன்னார். பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றையும் பறிக்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ஃபோர்மன் என் பக்கம் குனிந்து, "பாவம், அந்தம்மாவுக்கு ஒரு கிண்ணம் பழம் கொடுக்கக்கூடாதா? என்ன தயக்கம்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் டங்கன் அம்மாளின் காதில் அது விழுந்துவிட்டது. "இன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றிய பிறகு இந்த வீட்டிலிருந்து எதுவும் வெளியே போகாது. நான் நாளைக்கு வருவேன்" என்றார். மணி என்ன என்று சொல்வதுபோல்தான் சொன்னார். ஃபோர்மன் சிரிக்கவில்லை. "அப்படியா, என் பாட்டிக்கும் இப்படி நிறைய உண்டு" என்று சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொண்டார். நான் இத்தனை மாதமாகப் பயந்த விஷயம் அவ்வளவுதான்.

பாக்கியம் உள்ளேயிருந்து கிண்ணம் நிறையப் பழத்தோடு வந்தாள். "என்னவாம்?" என்று மல்லிகாவைக் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. மல்லிகா சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"அய்ய, வேருதான் குடுக்கக் கூடாது. வெள்ளிக்கெழம பழம் குடுத்தா வீட்டுக்கு நல்லதுன்னு அவங்ககிட்டச் சொல்லு பாப்பா."

மல்லிகா சொன்னாள். டங்கன் அம்மாள் வேலிக்கு மேலாக இரண்டு கையையும் நீட்டிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். தன் கணவர் வைத்த செடியின் பழத்தை எங்களிடமிருந்து வாங்கி, எங்களுக்கு நன்றி சொன்னார்.

எல்லாரும் போன பிறகு பாக்கியம் டீக்கோப்பைகளை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த ஆளு கேட்டப்ப என்னமோ சொல்ல வாயத் தொறந்தீங்களே, என்னது?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். 'கவுன்சில்' என்றுதான் ஆரம்பிக்க இருந்தேன்.